ஒரு வாய்த் தண்ணீர்

ஈரநாடு என்றொரு தேசம். பெயரில் இருந்த ஈரம் அங்கே அரண்மனைக் குளத்தில் மட்டும்தான் இருந்தது. அதில் பட்டத்து யானை தினமும் குளித்தது.

மகாராஜா மழைவேந்தருக்குப் பொய் என்றாலே ஆகாது. அதாவது, பிறர் சொல்லும் பொய். ஆகவே மெய்யறித் துறையை உண்டாக்கி வாய்மைநாதரை அமைச்சராக்கினார். அமைச்சர் விஞ்ஞான முறையொன்று கண்டார். பொய் சொல்பவன் பயப்படுவான். பயந்தால் வாய் உலரும். எனவே, சொல்ல வந்ததைச் சொன்னதும் ஒரு பிடி அரிசியை மென்று துப்ப வேண்டும். நனைந்திருந்தால் மெய், உலர்ந்திருந்தால் பொய்.

முதலில் வந்தவள் கீழத்தெரு ஆவுடை.

"சாமி, எங்க தெருக் கெணத்துல சொட்டுத் தண்ணி இல்ல. எம்மவ நாக்கு வறண்டு கெடக்கா."

மென்று துப்பினாள். அரிசி போட்டது போட்டபடி விழுந்தது.

"பொய்!" என்றார் அமைச்சர். "ஆகவே கிணற்றில் தண்ணீர் இருப்பது விஞ்ஞானப்படி நிரூபணமாகிறது."

தண்ணீர் உள்ள தெருவுக்குத் தண்ணீர் வண்டி எதற்கு? நிறுத்திவிட்டார்கள். அமைச்சரும் சோதனைக்கு உட்பட்டார். ஒரு செம்பு மோரைக் குடித்துவிட்டு, "நாட்டில் பஞ்சமே இல்லை" என்று சொல்லி மென்றார். கஞ்சியாகவே வந்தது. படுபாவி!

அடுத்த ஆணை வந்தது. அரண்மனை வாசலில் "தண்ணீர் வருகிறது" என்று சொல்பவருக்குச் சோதனை இல்லை. தினம் ஒரு வாய்த் தண்ணீர் பரிசு. வாயில்தான் ஊற்றுவார்கள். பாத்திரம் கொண்டுவருவது, தண்ணீர் இல்லை என்று சொல்லாமல் சொல்வதாம். அதற்குத் தடை.

ஆவுடை போனாள். "வருது சாமி, தண்ணி வருது."

ஊற்றினார்கள். அவள் விழுங்கவில்லை. கன்னம் உப்ப வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"ராஜா வாழ்கன்னு சொல்லிட்டுப் போ! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று காவலன் முதுகில் ஒன்று வைத்தான். அவள் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய், மகளின் வாயில் தன் வாயை வைத்து ஊட்டினாள். பெற்றவள் வேறு என்னதான் செய்வாள்? மறுநாள் தெருவே அப்படித்தான் நடந்தது.

தேர்தல் வந்தது. வாசலில் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றி முடித்த கையோடு அமைச்சர் மேடையேறினார்.

"மகாராஜாவே தொடர்வதில் ஆட்சேபம் உள்ளவர்கள் தாராளமாக வாய் திறந்து சொல்லலாம். இது சுதந்திர நாடு."

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"ஏகமனதாக!" என்று முரசறைந்தார்கள். ஆவுடை நிற்கவில்லை. வீட்டில் மகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.