சக்கரம் முடிவாகும் வரை

"சக்கரம் முடிவாகிற வரைக்கும் அந்தக் கடைக்குள்ள நான் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்று அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அறிவித்தபோது, அவருடைய மனைவி தலையை மட்டும் ஆட்டினாள். அதை அவர் பணிவு என்று எடுத்துக்கொண்டார். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சரி என்று சொல்லாமல் ஊரில் எந்த லிஃப்டும் ஏறாது, இறங்காது. சரி என்று அவர் லேசில் சொல்லவும் மாட்டார். வாழ்நாளெல்லாம் ஏறி இறங்கிய மனிதர், ஓய்வுக்குப் பிறகு தரைத்தளத்திலேயே நின்றுபோனார். வீட்டில் பரிசோதிக்க மிச்சமிருந்தவை குழாய், மின்விசிறி, மனைவி. மூன்றிலும் அவர் கை வைக்காமலிருந்த வரை எந்தக் கோளாறும் இல்லை.

மனைவி பள்ளிக்கூடத்தில் பானை வனையக் கற்றுக்கொடுத்தவள். அந்தப் பாடத்தையே பள்ளி எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், கிளினிக்கை மூடியதும் நேரே இவளிடம் வந்து களிமண் பிசைகிறவள். "அக்கா, நாமளே ஒரு இடம் பாத்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டாள். தெருமுனையில் மூடிக்கிடந்த ரொட்டிக்கடையை இருவருமாக வாடகைக்குப் பிடித்தார்கள். இருவருக்கும் பொதுவான பட்டறை, மாலை வேளைகளில் வகுப்பு. இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், என்ன சக்கரம் வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

மாலை வேளை என்ற வார்த்தைதான் அவரைக் குத்தியது. பகலை அவர் எப்படியாவது ஓட்டிவிடுவார். வெளிச்சம் மங்கத் தொடங்கினால் மட்டும், வீட்டுக்குள் எங்கேயாவது அவள் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஹாலுக்கும் வாசலுக்குமாக நடப்பார். இதை வெளியே சொல்ல வாய் வருமா? வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. மெஷின் வாங்குவது விளையாட்டு இல்லை, நாலு கடை ஏறி இறங்கி நானே பார்த்துச் சொல்கிறேன் என்றார். பார்க்கும் எண்ணம் இருந்தது. சொல்லும் எண்ணம்தான் இல்லை. சக்கரம் முடிவாகாத பட்டறையில் என்ன வகுப்பு நடக்கும்?

மனைவி மறுப்பே சொல்லவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள்.

"மண்ணு வைக்காம வெறும் சக்கரத்தைச் சுத்திப் பாத்தா என்னங்க தெரியும்?"

"சுத்துதா இல்லையான்னு தெரியும்."

"ஆளே ஏத்தாம லிஃப்ட்டை ஓட்டிப் பாத்துட்டு சரின்னு சொல்லியிருக்கீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. பின்கட்டில் இருந்த அவளுடைய பழைய சக்கரத்தின் முன்னால் அன்றைக்கே உட்கார்ந்தார். மண் உருண்டையைத் தட்டில் அறைந்து வைத்து, சுழல்கிற மண்ணை ஆட்டமில்லாமல் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அது வந்தால்தான் மற்றதெல்லாம் என்று அவள் விளக்கினாள். முதல் உருண்டை எழும்பிப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது அவர் மடியில் விழுந்தது. மண்டையில் களிமண்ணா என்று எத்தனையோ லிஃப்ட் ஆபரேட்டர்களைக் கேட்ட மனிதருக்கு, அன்று மண்டையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் களிமண். அவள் சிரிக்கவில்லை. முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளச் சொன்னாள். மண்ணோடு மல்லுக்கு நிற்காதீர்கள், கையை அசைக்காமல் வைத்திருந்தால் அதுவே வழிக்கு வரும் என்றாள். தன்னிடம் அவள் இத்தனை வருஷமாகக் கையாண்ட முறை அதுதான் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு கடைகளுக்குக் கிளம்பினார். காலால் உதைத்துச் சுற்றும் கனமான சக்கரம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, இது முழங்காலுக்கு எமன் என்றார். பெல்ட் போட்ட மோட்டார் சக்கரம் நல்ல பலம்தான், ஆனால் ரீங்காரம் காதைக் குடைகிறது என்றார். சத்தமே இல்லாத ஒன்றைக் காட்டினார்கள். ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத மெஷினை எப்படி நம்புவது என்று அதையும் தள்ளினார். மேசைமேல் வைக்கிற குட்டிச் சக்கரம், பெரிய உருண்டையை வைத்து அழுத்தினால் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. ஒவ்வொரு நாளும் அவள் எதிரே உட்கார்ந்து கவனமாகக் கேட்டுக்கொண்டாள். எந்தக் கடை, எந்தப் பக்கம் சுழல்கிறது, உயரம் கூட்டிக் குறைக்கலாமா என்று கேள்வியும் கேட்டாள். அவர் உற்சாகமாகப் பதில் சொன்னார். வேலையில் இருந்தபோதுகூட அவர் பேச்சை யாரும் அவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

ரொட்டிக்கடைப் பக்கம் அவர் போகவே இல்லை. சபதம் சபதம்தான். அங்கே சுத்தம் நடக்கிறது, வெள்ளை அடிக்கிறார்கள் என்று மனைவி அடிக்கடி போய்வந்தாள். அடித்துக்கொள்ளட்டும், சக்கரம் இல்லாமல் என்ன செய்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் அவருக்கு ஒன்று நடந்தது. ஒரு சாயங்காலம், பழைய சக்கரத்தில் அவர் கைகளுக்குள் தள்ளாடிக்கொண்டிருந்த மண் திடீரென்று அடங்கியது. சக்கரம் சுழன்றுகொண்டுதான் இருந்தது. கைக்குள் மட்டும் அசைவே இல்லை. லிஃப்ட் வந்து தளத்தோடு தளமாக, ஒரு மயிரிழை ஏற்ற இறக்கம் இல்லாமல் நிற்குமே, அந்த மாதிரி. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வெளியே இருட்டியதைக் கவனிக்கவில்லை. மனைவி வீட்டில் இல்லை என்பதையும்தான்.

அதற்குப் பிறகு கடைக்குப் போகாத நாட்களிலும் பின்கட்டுக்குப் போனார். அவள் வெளியே கிளம்பும்வரை பேப்பர் படிக்கிற பாவனையில் காத்திருப்பார். ஒருநாள் அவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள். கையும் களவுமாகப் பிடிபடுவார்கள் என்பார்கள். இவர் கையும் களிமண்ணுமாகப் பிடிபட்டார். எதிரே கோணலாக ஒரு கிண்ணம் எழும்பியிருந்தது.

"டெஸ்ட் பண்றேன்" என்றார்.

"இது நம்ம சக்கரங்க. வாங்கி எத்தனையோ வருஷமாச்சு."

"ஒப்பிட்டுப் பாக்க வேண்டாமா?"

வேண்டும்தான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

சில நாள் கழித்து, சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு அவரையும் கூப்பிட்டாள். சக்கரம் முடிவாகிவிட்டது, வாருங்கள் என்றாள்.

"யாரு முடிவு பண்ணது?"

"நீங்கதான்."

ஒன்றும் புரியாமல் பின்னாலேயே போனார். ரொட்டிக்கடையில் விளக்கு எரிந்தது. உள்ளே, அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய சக்கரங்கள் அத்தனையும் வரிசையாக நின்றன. போட்டு வைத்த திட்டத்தில் மண் விழுந்ததை அவர் கண்ணாலேயே பார்த்தார். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு உருண்டை இருந்தது. குட்டிச் சக்கரத்தில் ஒரு தையல்கார அம்மா பயந்து பயந்து சின்ன உருண்டை வைத்திருந்தார். உதைக்கிற சக்கரத்தில் ஒரு கால்பந்து பயிற்சியாளர். சத்தமில்லாததை மனைவி தனக்கு வைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொடுக்கிற குரல் எல்லாருக்கும் கேட்க வேண்டுமே. பெல்ட் சக்கரத்தின் ரீங்காரத்துக்கு நடுவில் பல் டாக்டர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, எது எதுக்கு ஆகாதுன்னு நீங்க சொல்லச் சொல்ல, எது யாருக்கு ஆகும்னு எங்களுக்குப் புரிஞ்சிருச்சு" என்றாள். "இந்தச் சத்தம் என் கிளினிக் சத்தத்துக்கு எவ்வளவோ தேவலை."

அவர் மனைவியைத் தனியாக ஓரத்துக்கு அழைத்துப் போனார். கோபப்படத்தான் நினைத்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களும் சொல்லியிருக்கலாம்" என்றாள் அவள் மெதுவாக. "சாயங்காலம் உங்களைத் தனியா வீட்ல விட்டுட்டு வந்தா, இங்க எனக்கு மட்டும் கை ஓடுமா?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்தார். அதற்குள் தையல்கார அம்மா திரும்பி, சார் இந்த வகுப்பில் புதுசா என்று விசாரித்தார். அவர் நிமிர்ந்து, தாம் இங்கே ஆலோசகர் என்று சொல்ல வாயெடுத்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"புதுசு இல்லம்மா. இங்க முதல்ல சேந்த மாணவரே இவர்தான். சேந்த விஷயம் அவருக்கே இப்பத்தான் தெரியுது."