என் பெயரில் மோட்டார் சைக்கிள் வாங்கியவள்

என் மதிப்புக்குரிய ஞானத்தாய் சுலெய்டி அவர்களுக்கு,

உங்கள் ஞானமகள் எடிலேனி தலை குனிந்து ஆசீர்வாதம் கேட்டு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, ஆடுகள் எல்லோரும் நலம். ரெசிஃபி நகரத்தில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன்.

எனக்குப் போனில் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது அதுவே நல்லதாகிவிட்டது. என் பெயரைச் சொல்லி யாராவது போனில் கலகலப்பாகப் பேசிப் பணம் கேட்டால், அது நான் இல்லை. உடனே வைத்துவிடுங்கள்.

பள்ளியை விட்டு வீட்டிலேயே இருந்த எனக்கு, ஜில்வனெச்சி அம்மாவின் ஜீன்ஸ் பட்டறையில் தையல் வேலை கிடைத்தது. சம்பளம் போட வங்கிக் கணக்கு வேண்டும் என்றார். வங்கியில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "கடன் பட்டியல்ல உன் பேரு அழுக்கா இருக்கேம்மா. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு தவணைகூடக் கட்டலையே?" என்றாள். எனக்குச் சாதாரண சைக்கிளே ஓட்டத் தெரியாது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு வந்தது. "என் மக பேரு அழுக்கா? மொதல்ல உங்க கம்ப்யூட்டரைத் தொடைச்சுட்டுப் பாரும்மா!" வரிசையில் நின்ற எல்லோரும் திருடியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். ஜில்வனெச்சி அம்மா நல்லவர். "பேரைச் சுத்தம் பண்ணிட்டு வாடி. வெள்ளிக்கிழமை வரைக்கும் உன் தையல் மெஷின்ல வேற யாரையும் உட்கார வைக்கமாட்டேன்" என்றார்.

காவல் நிலையத்துக்குப் போனோம். "உன் அரசாங்க அடையாள நம்பரை யார்கிட்டம்மா குடுத்தே?" என்று அதிகாரி கேட்டார். யாரிடமும் இல்லை என்று தலையாட்டினேன். பிறகுதான் மருந்துக்கடை நினைவுக்கு வந்தது. எண்ணைச் சொன்னால்தானே அங்கே தள்ளுபடி? அப்பாவுக்குத் தன் எண் மனதில் நிற்காது, என் எண்தான் பாட்டு மாதிரி வரும். அவருடைய இரத்த அழுத்த மாத்திரைக்கும் என் எண்தான். நான் முணுமுணுப்பேன், கடைக்காரர் "என்னது?" என்பார், உடனே அப்பா சந்தையில் ஆட்டை ஏலம் விடுவதுபோல என் எண், பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் வரிசை முழுவதற்கும் கேட்கச் சொல்வார்.

அதிகாரி மோட்டார் சைக்கிள் கடைக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்தார். "அந்தப் பொண்ணா? நல்லாப் பேசுச்சு சார், சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டு என்னையே பின்னால உட்கார வச்சு ஒரு ரவுண்டு அடிச்சுது!"

அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரி, அது நீ இல்லம்மா. ஆனா புகாரை நீதான் சொல்லணும்" என்று அப்பாவை வெளியே அனுப்பினார்.

சொன்னேன். கேட்கவில்லை என்றார். மறுபடி சொன்னேன், அதுவும் கேட்கவில்லை. பட்டறையில் எனக்காகக் காத்திருந்த தையல் மெஷினை நினைத்துக்கொண்டேன். "நான்தான் எடிலேனி! அவ இல்ல!" யார் கத்துவது என்று அப்பா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

புகார் நகலை வங்கியிலும் மோட்டார் சைக்கிள் கடையிலும் கொடுத்தோம். கடைக்காரர்கள் கடனை நீக்கினார்கள். வியாழக்கிழமை என் பெயர் சுத்தமாகிவிட்டது, கணக்கும் திறந்தாயிற்று. திங்கட்கிழமை வேலை. நீங்களும் உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று அவ்வப்போது பாருங்கள். அடையாள அட்டையைப் படமெடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். மருந்துக்கடையில் தள்ளுபடி போனால் போகட்டும். "இனிமே உன் நம்பர் என் வாயில வராது" என்று அப்பா மாதா படத்தின் முன் சத்தியம் செய்திருக்கிறார். இனி எனக்குப் பயமில்லை.

உங்கள் கையை முத்தமிட்டு, ஆசீர்வாதத்துக்குக் காத்திருக்கும்
எடிலேனி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது தெருவில் ஒலிபெருக்கி சைக்கிள் வந்தது. வழக்கமாக முட்டை விலை சொல்லும். இன்று, "பொதுமக்கள் கவனத்துக்கு! எரிவால்டோ மக எடிலேனி பேரு சுத்தமாயிடுச்சு! அவ நம்பரை வேற யார் சொன்னாலும் நம்பாதீங்க! நம்பர் இதுதான்..." என்று கடைசி இலக்கம் வரை சொன்னது. பிறந்த தேதியையும் விடவில்லை. வாசலில் அப்பா பெருமையாக நிற்கிறார். "என் வாயில வந்துச்சா? அவன்தானே சொன்னான்?" என்கிறார். சைக்கிள் சந்தைப் பக்கம் திரும்புகிறது. நான் கத்திக்கொண்டே பின்னால் ஓட வேண்டும்.