குப்பைமேட்டுச் சுடுதண்ணீர்

கல்யாணமான நாளிலிருந்து கிரகரியின் காதில் அதிகம் விழுந்த சொல் ‘சீக்கிரம்’. சீக்கிரம் எழும்புங்க, சீக்கிரம் குளிங்க, சீக்கிரம் கிளம்புங்க, பூசை ஆரம்பிச்சிடும். அப்படி விரட்டும் மனைவி கத்தரீன் ஒரு நாள் காலை டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “எதுக்குங்க இவ்ளோ அவசரம்? மெதுவா நடக்கட்டும் லா” என்றாள். கிரகரியின் கையிலிருந்த ரொட்டி டீக்குள் விழுந்தது.

அவர் அவசரப்பட்டது காப்புரிமைக்கு.

கிரகரிக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலை. அடுத்த வருடம் ஓய்வு. பிரியாவிடை விருந்தில் துரை எழுந்து, “கிரகரி நல்ல மனுஷன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாரோ என்பதுதான் அவருடைய கவலையெல்லாம். ‘கண்டுபிடிப்பாளர்’ என்று ஒரு வார்த்தை அதில் சேர வேண்டும். அதற்காக அவர் பாடுபடாமலும் இல்லை. முன்பு தானாகத் திறக்கும் குடை ஒன்று செய்தார். திறந்தது. மூடத்தான் மறுத்துவிட்டது. அப்புறம் ஓர் எலிப்பொறி. அதில் சிக்கிய ஒரே உயிர் கத்தரீனின் கட்டைவிரல்.

இந்த முறை அப்படியில்லை. மூட்டையில் அடைத்த கொழுந்து தன்னால் சூடேறும் என்பது தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சூட்டை ஏன் வீணாக்க வேண்டும்? தொழிற்சாலைத் தேயிலைக் கழிவையும், கோலா தெர்லா காய்கறித் தோட்டத்திலிருந்து கோழி எருவையும் கொண்டுவந்து சமையலறைக்குப் பின்னால் மேடாகக் குவித்தார். உள்ளே கறுப்பு ரப்பர் குழாயைச் சுருட்டிப் புதைத்தார். அதன் ஒரு முனை தண்ணீர்க் குழாயில்; மறுமுனை குளியலறையில் தண்ணீர் பிடித்துவைக்கும் தோங்கில். மறுநாள் விடியற்காலையில், பனியில் பல் கிடுகிடுக்க, தோங்குக்குள் கையை விட்டார்.

சுடுதண்ணீர்!

மின்சாரம் இல்லை, கேஸ் இல்லை, விறகு இல்லை. கிரகரி குளித்துக்கொண்டே பாடினார். அன்றிலிருந்து தினமும் சுடுதண்ணீர்தான். குவியலைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டார். காலையிலும் மாலையிலும் மண்வெட்டியோடு போய் அடிமேலாகப் புரட்டிவிட்டுத்தான் மறுவேலை.

வினை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. ரொனால்ட் வீட்டுப் பின்புறத்தில் ஒரு குப்பைமேடு முளைத்தது. அதிலிருந்து ஒரு கறுப்புக் குழாய் எட்டிப் பார்த்தது. அடுத்த வாரம் வேலப்பன் வீட்டிலும் அதே கதை. கிரகரிக்கு வயிறு எரிந்தது. ஈப்போவில் காப்புரிமை முகவர் ஒருவரிடம் வேலை பார்க்கும் கிளாரிசாவைப் போனில் கூப்பிட்டார். அவள் கத்தரீனின் அண்ணன் மகள்.

“சாதாரண வரிசைல நின்னா வருசக்கணக்குல ஆகும் மாமா. ஆனா சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்யிற சாமான்னா, முன்னுக்கு எடுத்துப் பாருங்கன்னு தனியா கேக்கலாம்.”

“இதைவிட நல்லது என்ன இருக்கு? குப்பையில குளிக்கிறேன் புள்ள!”

“அதை நிரூபிக்கணும். சனிக்கிழமை காலைல தெர்மாமீட்டரோட வரேன்.”

கிரகரி வீட்டில் இதைச் சொன்னபோதுதான் கத்தரீன் அவசரம் வேண்டாம் என்றாள்.

“ஏன் வேணாங்கிற?”

“வரிசைல நம்மளுக்கு முன்னுக்கு நிக்கிறவங்க பாவம் இல்லையா?”

காய்கறிக் கடையில் வரிசை என்ற ஒன்று இருப்பதையே அறியாதவள் பேசுகிற பேச்சா இது? கிரகரிக்குத் தலை குடைந்தது. சமையலறையில் எட்டிப் பார்த்தார். கெட்டில் அடுப்பில் இருந்தது. தோட்டத்தில் எட்டிப் பார்த்தார். அவளுடைய ரோஜாக்கள் அந்த வருடம் முட்டைக்கோஸ் அளவுக்குப் பூத்திருந்தன. கோவில் பீடத்துக்குப் பூ வேண்டுமென்று பிரிஞ்சாங் ஊரிலிருந்து ஆட்கள் வந்து கேட்டுப் போனார்கள். மற்றபடி சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை கிளாரிசா சொன்னதைவிடச் சீக்கிரமாகவே வந்துவிட்டாள். நேராகப் பின்புறம் போய்க் குவியலுக்குள் தெர்மாமீட்டரைச் செருகினாள். எடுத்துப் பார்த்தாள். உதறிவிட்டு மறுபடியும் செருகினாள்.

“மாமா, குப்பை சில்லுனு இருக்கு.”

“இருக்காதே! காலைலயும் சாயந்திரமும் நல்லாப் புரட்டிக் காத்தோட்டமா வெச்சிருக்கேனே.”

“எதுக்குப் புரட்டுறீங்க?”

“என்ன கேள்வி இது? புரட்டாம விட்டா சூடாயி…”

கிரகரி தன் கையைப் பார்த்தார். கொழுந்து சூடேறிக் கெட்டுப்போகாமல் காலமெல்லாம் புரட்டிப் புரட்டி ஆற்றிய கை. அது தன் வேலையை இங்கேயும் ஒழுங்காகச் செய்திருக்கிறது.

“அப்போ தோங்குல சுடுதண்ணி எப்படி வருது?” கிளாரிசா கேட்டாள்.

சமையலறையில் கெட்டில் விசிலடித்தது. கத்தரீன் அதைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் போனவள், இரண்டு பேரையும் பார்த்ததும் நின்றாள்.

“சீக்கிரம் வருவேன்னு சொல்லலியே புள்ள.”

“கத்தரீன்! இத்தனை நாளும் நீதானா?”

“முத நாளு பாவமா இருந்திச்சிங்க. குளிருல தோங்குகிட்ட போயி ஏமாந்து நிப்பீங்களேன்னு நாலு கெட்டில் ஊத்துனேன். குளிச்சிட்டு வந்து, நான் சொல்லாமயே மண்வெட்டிய எடுத்தீங்க. கல்யாணமானதுலேருந்து என் தோட்டத்துல ஒரு புல்லு புடுங்கியிருப்பீங்களா? எரு நல்லா மக்கி, மாவு மாதிரி வந்திச்சி. அப்புறம் எப்படிங்க நிறுத்துறது?”

கிரகரிக்குக் கோபம்தான் வர வேண்டும். ஆனால் அந்தக் குளிரில் தினமும் தனக்கு முன்னால் எழுந்து அவள் கெட்டில் சுமந்ததை நினைத்ததும் கையை நீட்டிக் கெட்டிலைத் தானே வாங்கிக்கொண்டார். அதோடு, ஓர் ஆறுதலும் கிடைத்தது.

“போகட்டும். அந்த ரொனால்டும் வேலப்பனும் என்னையப் பாத்துக் காப்பியடிச்சு என்னத்தக் கண்டானுங்க? பச்சத்தண்ணிதான!”

கத்தரீன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“அத்தை, புருசன தோட்டத்துல வேலை வாங்க நீங்க கண்டுபிடிச்சீங்க பாருங்க, அதுவும் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான்” என்று கிளாரிசா சிரித்தாள். “வேணும்னா அதுக்கு எழுதிப் போடலாமா? ஆனா ஒண்ணு, வேற யாரும் ஏற்கெனவே செஞ்சுக்கிட்டு இருக்கக் கூடாது.”

வேலிக்கு அந்தப் பக்கம் ரொனால்ட் குப்பையைப் புரட்டிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பாடிக்கொண்டே குளிக்கப் போனார். அவர் வீட்டுச் சமையலறையில் ஒரு கெட்டில் விசிலடித்தது. அது ஓய்வதற்குள் வேலப்பன் வீட்டுக் கெட்டிலும் விசிலடித்தது.