முடித்துக் கொடுத்தவர்

மனைவியின் பேச்சைத் திரும்பக் கொண்டுவந்தே தீருவது என்று எல்வுட் ஸ்டானர்ட் சபதம் எடுத்தார். அவள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாளாவது அந்தப் பேச்சை முழுதாகக் கேட்டிருக்கிறாரா என்றால், இல்லை. ஆனால் சபதம் எடுக்கிறவர்கள் அதையெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

ஆப்பிள் பறிக்கிற சமயத்தில் நோரினுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை மரத்துப்போனது, கால் இழுத்தது. வெர்மான்ட் மலைகளில் பனி விழுவதற்குள் கையும் காலும் ஓரளவு சொன்னபடி கேட்க ஆரம்பித்துவிட்டன. பேச்சுதான் முரண்டு பிடித்தது. அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. உப்பு வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். உப்பு என்ற சொல் மட்டும் தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் எங்கேயோ உட்கார்ந்துகொள்ளும். பொறுத்திருந்தால் மெல்ல எழுந்து வரும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஜோலீன் என்ற இளம்பெண் வாராவாரம் வீட்டுக்கு வந்தாள். நோரினுக்கு அவள் நிறைய வேலை கொடுத்தாள். எல்வுட்டுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தாள்.

“அவங்க வார்த்தையைத் தேடுறாங்க. தேடட்டும். நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க, மிஸ்டர் ஸ்டானர்ட்.”

“கஷ்டப்படுறாளேம்மா. பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?”

“ஆமா. சும்மா இருக்கறதுதான் உங்க பங்கு.”

எல்வுட் ஆயுசில் பழகாத வேலை அது. ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர் அவர். கடைக்கு வந்தவர் “எனக்கு ஒரு…” என்று தொடங்கும்போதே கதவுக் கீலை எடுத்துப் பொட்டலம் கட்டிவிடுவார். பாதிப் பேர் கேட்க வந்தது வேறு சாமான். இருந்தாலும் வாங்கிக்கொண்டு போனார்கள். இல்லை என்று சொல்ல இடைவெளி கிடைத்தால்தானே சொல்வதற்கு? அந்த ஊர்க் கதவுகளில் தேவைக்கு மேல் கீல்கள் இருப்பதற்கு வேறு காரணம் கிடையாது.

கடையை விற்றாயிற்று. பழக்கத்தை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. அது வீட்டுக்கு வந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் சமையலறை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து நோரின் வாயைத் திறந்தாள்.

“எனக்கு… கொஞ்சம்…”

“காப்பி,” என்றார் எல்வுட். ஊற்றினார்.

அவள் தலையை ஆட்டினாள்.

“பால் போதலையா? சர்க்கரையா? ஜன்னல். ஜன்னலை மூடணும். குளிருது உனக்கு. போர்வை.”

ஜன்னலை மூடினார். போர்வை கொண்டுவந்து போர்த்தினார். அது போதாதோ என்று இன்னொன்றும் போர்த்தினார். பிறகு, நல்ல கணவன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற நிறைவோடு பின்கட்டில் விறகு எடுக்கப் போனார். கதவு சாத்திய பிறகு அந்தச் சொல் வந்து சேர்ந்தது.

“அமைதி,” என்று நோரின் பூனையிடம் சொன்னாள்.

காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஜோலீன் நோரினிடம் கேட்டால், “முட்டை” என்று எல்வுட் சொல்வார். நோரின் சாப்பிட்டது ஓட்ஸ் கஞ்சி. நன்றாகத் தூங்குகிறீர்களா என்று டாக்டர் அவளிடம் கேட்டால், “தூங்குறோம் டாக்டர்” என்பார். தூங்கியது அவர் மட்டும். அவருடைய குறட்டையில் நோரின் விழித்துக் கிடந்த விஷயம் மருத்துவக் குறிப்பில் ஏறவே இல்லை. இத்தனை உதவி செய்தும் அவள் பேச்சு ஏன் தேறவில்லை என்று எல்வுட் உண்மையாகவே வியந்தார். பயிற்சிப் பெண்ணுக்கு வேலை தெரியவில்லை என்று முடிவும் கட்டினார்.

உண்மையில் அவள் பேச்சு தேறிக்கொண்டுதான் இருந்தது. அவர் இல்லாத நேரத்தில் தேறியது. பக்கத்துப் பண்ணை பர்ட்டன் ஹோல்ப்ரூக் மத்தியான வேளைகளில் வந்து அவளோடு சீட்டாடுவார். பர்ட்டன் ஆடு வளர்க்கிறவர். அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிவதற்குள் தேநீர் ஆறிவிடும். மற்றவர்கள் பேச்சும் அதே வேகத்தில்தான் வரும் என்று எதிர்பார்க்கிறவர். நோரின் ஒரு சொல்லுக்காகத் திணறும்போது அவர் தன் சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் திணறுவதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. எல்லாரும் இப்படித்தானே பேசுகிறார்கள் என்று இருந்துவிட்டார்.

ஜனவரியில் ஹார்லன் பைக் ஒரு சேதி சொன்னார். வருஷா வருஷம் மார்ச் மாத ஊர்க் கூட்டத்தை நடத்திவந்த தலைவர் அவர். மேஜையில் தட்டிக் கூட்டத்தை அடக்குகிற சுத்தியலை இந்தத் தடவையோடு கீழே வைத்துவிடுகிறேன், கூட்டத்தின் முதல் வேலையாக வேறு ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

எல்வுட்டுக்கு இரவெல்லாம் அந்தச் சுத்தியல் கனவில் வந்தது. மேடையில் நிற்பது, யார் பேசலாம் என்று விரலை நீட்டுவது, பேசினது போதும் என்று தட்டுவது. தனக்காகவே செய்த பதவி அது என்று நினைத்தார். ஒரே ஒரு தடங்கல், ஊர்தான். முன்பு சாலைக் குழுவுக்கு நின்றபோது அவருக்கு விழுந்தது ஒற்றை ஓட்டு. அது நோரினுடையது இல்லை என்று பலர் சொன்னார்கள்.

பிப்ரவரியில் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. அதை நோரினிடம் சொல்லும்போது அவர் முகம் பளபளத்தது.

“நீ எழுந்து நின்னு ‘எல்வுட் ஸ்டானர்ட்டை முன்மொழியறேன்’னு சொன்னாப் போதும். பக்கவாதம் வந்த பொண்டாட்டி தட்டுத் தடுமாறிப் புருஷன் பேரைச் சொல்றா. ஊரே கண்ணைத் துடைச்சுக்கும். எதிர்த்துக் கை தூக்க எவனுக்கு மனசு வரும்?”

நோரின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் நோயை ஒருவர் இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து அவள் அதுவரை கண்டதில்லை. பிறகு சரி என்று தலையசைத்தாள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு என்று விரலைத் தூக்கினாள். அந்த நிபந்தனையைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. காரணம் பக்கவாதம் பாதி, எல்வுட் மீதி. புதுக் கோட்டா, மெத்தையா, வெந்நீர்ப் பையா என்று அவர் நடுவில் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் கரண்டியால் மேஜையைத் தட்டினாள்.

“நான்… முடிக்கிற வரைக்கும்… நீ… வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா… உன் பேர்… கிடையாது.”

“இவ்வளவுதானா? சத்தியம்,” என்றார் எல்வுட்.

விஷயம் தெரிந்ததும் ஜோலீன் மகிழ்ந்துபோனாள். சும்மா படங்களைக் காட்டிப் பேர் சொல்லச் சொல்வதைவிட, ஊர் முன்னால் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தால் நாக்குக்கு ரோசம் வரும் என்றாள். எல்வுட்டைத் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கு நீங்கள் உள்ளங்கை இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொள்ளுங்கள், வாய்க்கு மிட்டாய் எடுத்துப் போங்கள் என்றும் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு என்னைப் பற்றி என்ன தெரியும் என்று எல்வுட் முனகிக்கொண்டார்.

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை வந்தது. பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் ஊர் முழுவதும் சேற்றுப் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தது. பின்னால் சமையலறையில் பீன்ஸும் பன்றித்தொடையும் வெந்துகொண்டிருந்தன. எல்வுட் கழுத்தில் டை கட்டியிருந்தார். அந்தக் கூடத்தில் டை கட்டியிருந்தது அவர் ஒருவர்தான்.

ஊர்க் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எழுந்து நின்று தலைவரிடம் அனுமதி வாங்கியவர், தானாக உட்காருகிற வரை பேச்சு அவருடையது. குறுக்கே பேச எவருக்கும் உரிமை கிடையாது. முன்பொரு தடவை ஒரு கிழவர் மதகைப் பற்றிப் பேச எழுந்து, ஊரின் மதியச் சாப்பாட்டையே சாயங்காலத்துக்குத் தள்ளியிருக்கிறார். ஊர் பொறுத்துக்கொண்டது.

தலைவர் பதவிக்கு யாராவது பேர் சொல்லலாம் என்றார் ஹார்லன். நோரின் கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

“நோரின் பேசறாங்க,” என்றார் ஹார்லன். பின்னிக்கொண்டிருந்த பெண்கள் ஊசியை நிறுத்தினார்கள்.

“நான்…” என்றாள் நோரின்.

கூடம் காத்திருந்தது. எல்வுட் உள்ளங்கைகளின் மேல் உட்கார்ந்திருந்தார். கழுத்து சிவந்தது. காது சிவந்தது. கொதிக்கிற கெட்டிலின் மூடி மாதிரி உதடு துடித்தது.

“முன்மொழியறேன்,” என்றார்.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. ஹார்லன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எல்வுட் தும்மினதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். நோரின் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு மூச்சு வாங்கி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“நான்… முன்… முன்மொழியறேன்…”

இனி மிச்சம் பேர் ஒன்றுதான். அது வரும் வழியில் இருந்தது. எல்லாருக்கும் தெரிந்தது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தவர்களுக்கும் தெரிந்தது. தெரியாதவர் ஒருவர்தான். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“எல்வுட் ஸ்டானர்ட்னு சொல்ல வர்றா. பாவம், வாய் வரமாட்டேங்குது. வீட்டுல தினமும் சொல்லிச் சொல்லிப் பழகினது, எனக்குத் தெரியாதா?”

“உட்காரு எல்வுட். இப்ப பேசறது நோரின்.”

“உதவிதானே ஹார்லன் பண்றேன். அவளுக்கு…”

“நீ உட்கார்ற வரைக்கும் அவங்களால பேச முடியாது. அவங்க பேசற வரைக்கும் எங்களால சாப்பிட முடியாது. உட்காரு.”

சுத்தியல் ஒரு தடவை விழுந்தது. எல்வுட் உட்கார்ந்தார். கூடம் மறுபடியும் காத்திருந்தது. யாரும் இருமக்கூட இல்லை. நோரின் கைத்தடியை இறுக்கிப் பிடித்தாள். நெற்றியில் வியர்வை அரும்பியது. அந்தச் சொல்லை அடிவயிற்றிலிருந்து தூக்கிக்கொண்டு வருவது அவள் தோளில் தெரிந்தது.

“பர்ட்டன்… ஹோல்ப்ரூக்கை.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

முதலில் ஒரு பெண் கை தட்டினாள். பிறகு கூடமே தட்டியது. அந்தக் கைத்தட்டல் பர்ட்டனுக்கு இல்லை என்பது பர்ட்டனுக்கும் தெரியும். ஆப்பிள் பறிக்கிற காலத்துக்குப் பிறகு நோரின் ஊர் முன்னால் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. ஹார்லன் மூக்கைச் சிந்திக்கொண்டார். எல்வுட் சொன்னபடியே ஊர் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

சம்மதமா என்று பர்ட்டனைக் கேட்டார்கள். அவர் யோசித்தார். ஊர் பொறுத்திருந்தது. எல்வுட் வாயைத் திறந்தார். ஹார்லன் சுத்தியலைத் தொட்டார். எல்வுட் வாயை மூடினார். “சரி,” என்றார் பர்ட்டன். கூடம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. நோரின் தூக்கியது வலது கை. ஒரே கை மட்டும் கீழே இருந்தது. அது எல்வுட்டின் தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டின்போது நோரினைச் சுற்றி ஒரு கூட்டம். ஒருவர் பின் ஒருவராக வந்து ஏதோ கேட்டார்கள், கேட்டுவிட்டு நின்றார்கள். அவளும் நிதானமாகப் பதில் சொன்னாள். எல்வுட் தன் தட்டோடு மூலையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் சட்ட நுணுக்கம் ஏதோ பேசினார். பக்கத்தில் இருந்தவர் பாதியில் எழுந்து இன்னொரு கரண்டி பீன்ஸ் வாங்கப் போய்விட்டார். திரும்பி வரவில்லை.

வண்டியில் வீடு திரும்பும்போது பாதை முழுக்கச் சேறு. எல்வுட் வெகுதூரம் வரை பேசவில்லை. அதுவே ஒரு அதிசயம். பால்பண்ணை தாண்டியதும் தாங்கவில்லை.

“உண்மையைச் சொல்லு. நான் பேசாம இருந்திருந்தா என் பேரைச் சொல்லியிருப்பியா?”

“சொல்லி… யிருப்பேன். ரெண்டு பேரையும்… பழகி… வெச்சிருந்தேன்.”

“பர்ட்டன் பேரை எப்ப பழகினே?”

“ஜனவரியில.”

தன் யோசனை பிறந்தது பிப்ரவரியில் என்பதை எல்வுட் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். பர்ட்டனோடு ஆடிய சீட்டு, கரண்டியால் தட்டி வாங்கிய சத்தியம், எழுந்து நின்ற தன் கால்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வண்டி சேற்றில் வழுக்கி நின்றது. அவர் அவள் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை.

“நோரின், நான்… நான் ஒரு…”

அவள் காத்திருந்தாள். ஜோலீன் சொன்னபடி நல்ல பொறுமையோடுதான் காத்திருந்தாள். பிறகு இரக்கப்பட்டு, கொஞ்சம்கூடத் திக்காமல் முடித்துக் கொடுத்தாள்.

“முட்டாள்.”