மாறவேல் வாளைக் கீழே போட்ட காலை

ஜெயிக்கத் தெரியாதவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. தோற்றுப்போவது என்று தானே முடிவெடுத்து, அதையும் உருப்படியாகச் செய்யத் தெரியாதவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

சங்கரன்கோவிலிலிருந்து வேலைக்கு வந்த புதிது. போனுக்குள் வைக்கிற கேமராவைச் செய்யும் கம்பெனி, சுங்குவார்சத்திரம் பக்கம். ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். காலை ஷிஃப்ட் பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வரும்போதே ஜென்சி உள்ளே இருப்பாள். அவளுக்குச் சொந்த ஊரே சேரப்பணஞ்சேரி. எங்கள் பஸ்ஸில் முன்பாதி பெண்களுக்கு, பின்பாதி ஆண்களுக்கு. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் யாரும் மீறியதுமில்லை. அவள் பெண்கள் பகுதியின் கடைசி வரிசை. நான் ஆண்கள் பகுதியின் முதல் வரிசை. (அந்த சீட்டுக்காக நான் எத்தனை பேர் காலை மிதித்திருக்கிறேன் என்பது அந்தக் கால்களுக்குத்தான் தெரியும்.)

போனில் தினம் ஓர் அத்தியாயமாக ஒரு மாயாஜாலத் தொடர் வந்துகொண்டிருந்தது. இருவரும் அதையே படிக்கிறோம் என்பது தெரிந்த அன்றே சண்டை ஆரம்பித்துவிட்டது. தொடரில் இரண்டு பெரிய வாள்வீரர்கள். மாறவேல் மின்னல் வேகக்காரன். மழைத்துளி ஒன்று தரையைத் தொடுவதற்குள் அதைத் துண்டு துண்டாக வெட்டுவான். உதிரனுக்கு ஒரு கைதான். முதலில் வாளை உருவவே மாட்டான், அசையாமல் நிற்பான், எதிராளி களைத்ததும் ஒரே வீச்சு. இருவரும் வேறு வேறு ராஜ்ஜியம். கதையில் சந்தித்ததே இல்லை. அதனால் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று தீர்ப்புச் சொல்ல உலகத்தில் ஆளே கிடையாது.

"உதிரன் வாள உருவுறதுக்குள்ள மாறவேல் நாலு வெட்டு வெட்டிருவாம்லா," என்பேன்.

"வெட்டுவான் வெட்டுவான். உன் ஆளு சுத்திக்கினே இருந்து மூச்சு வாங்கி வுழுவான், பாரு."

"ஒத்தக் கைய வச்சிக்கிட்டு அவன் என்ன செய்வான்?"

"ரெண்டு கை கீறவன்லாம் இன்னா கிழிச்சிட்டான்?"

டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "இன்னும் முடியலையா உங்க பஞ்சாயத்து?" என்பார். முடியக்கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். (உண்மையில் எனக்கு மாறவேல் மேல் அப்படியொன்றும் பாசமில்லை. அவளுக்கு உதிரனைப் பிடித்திருந்தது. சண்டை போட எனக்கு வேறொருவன் வேண்டியிருந்தது.) அவள் லீவு போட்ட நாட்களில் அந்த சீட்டில் யாருடைய சாப்பாட்டுப் பையோ உட்கார்ந்திருக்கும். ஒரு பையைப் பார்த்து அவ்வளவு ஏங்கியவன் நானாகத்தான் இருப்பேன்.

கம்பெனிக்குள் போய்விட்டால் ஆளே தெரியாது. தூசி ஆகாது என்று எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு, தொப்பி, மாஸ்க். கண் மட்டும்தான் வெளியே தெரியும். காலில் வெள்ளைச் செருப்பு. தன் செருப்பை யாராவது மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று அவள் அலுத்துக்கொண்டபோது, நான் மார்க்கர் வாங்கி அதில் சின்னதாக ஒரு வாள் வரைந்து கொடுத்தேன். உதிரனின் வாள். அவள் அதைக் குனிந்து பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள்: "திங்கக்கெழமைலேந்து எங்க லைன் ரெண்டாவது யூனிட்டுக்குப் போவுது. பஸ்ஸும் வேற."

"அப்ப நம்ம சண்ட?"

"தோத்துட்டேன்னு ஒத்துக்கோ. முடிஞ்சிடும்."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஒத்துக்கொண்டுவிட வேண்டியதுதான். ஒத்துக்கொண்டு, அதன் கூடவே மற்றதையும் சொல்லிவிட வேண்டியதுதான். பஸ்ஸில் முடியாது, ஊரே கேட்கும். கோட்டு மாட்டுகிற அறைதான் சரி. அங்கே ஒரு நிமிடம் தனியாக நிற்கலாம். குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து வசனத்தை ஒத்திகை பார்த்தேன். வாளி நிரம்பி வழிந்தது, அறை நண்பன் கதவைத் தட்டித் திட்டினான்.

சனிக்கிழமை அவள் பஸ்ஸில் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டால் தன் அண்ணனின் பைக்கில் வந்துவிடுவாள் என்பதால் நான் கலங்கவில்லை. கோட்டு மாட்டும் அறையில் எல்லோரும் உள்ளே போன பிறகு ஓர் ஆள் மட்டும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றது. காலில் அந்த வாள்.

நேரே போய் நின்றேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. செருப்பைப் பார்த்தே சொன்னேன்.

"உதிரன்தான் ஜெயிப்பான். மாறவேல் வாளக் கீழ போட்டுட்டான். எனக்கு ஜெயிக்கவே வேண்டாம். காலம் பூரா ஒங்கிட்ட தோத்துக்கிட்டே இருந்தாப் போதும்."

மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் கேட்டது:

"யாருப்பா அந்த மாறவேல்? எந்த லைன்? வாளை எங்க போட்டிருக்கான்?"

நிமிர்ந்தேன். மாஸ்க்குக்கு மேலே ஒரு மூக்குக்கண்ணாடி. தரப் பிரிவு மேனேஜர் ராஜேஸ்வரி மேடம். ஜென்சியின் லைனை அன்று காலையே, இரண்டு நாள் முன்னதாக, மாற்றிவிட்டார்களாம். முந்தின மாலை அவள் பொது அலமாரியில் வைத்துவிட்டுப் போன செருப்பை, மேடம் தன் அளவுக்குச் சரியாக இருக்கிறது என்று எடுத்துப் போட்டிருக்கிறார்.

அந்த நேரத்தில் வாயைத் திறந்து விளக்கியிருக்கலாம். நான் பேயறைந்தவன் மாதிரி நின்றேன். கம்பெனிக்குள் சின்னக் கத்தி கொண்டுவரவே தடை. வாள் என்றால் சும்மா விடுவார்களா? செக்யூரிட்டிகள் வந்து லாக்கர்களுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினார்கள். லைன் நின்றது. எல்லோரையும் வரிசையாக நிறுத்திய பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. என்ன தவறு நடந்தாலும் போர்டு முன்னால் நிறுத்தி, வேர்க் காரணம் கிடைக்கும்வரை ஐந்து முறை 'ஏன்' கேட்பார்கள். மேடம் மார்க்கரைத் திறந்தார்.

"லைன் ஏன் நின்னுச்சு?"

"நான் வாளுன்னு சொன்னதால, மேடம்."

"ஏன் என்கிட்ட சொன்ன?"

"ஜென்சின்னு நெனச்சிட்டேன்."

"ஏன் அப்படி நெனச்ச?"

"செருப்புல படம் இருந்திச்சு."

"மூஞ்சியப் பாக்காம ஏன் செருப்பப் பாத்த?"

"பயமா இருந்திச்சு, மேடம்."

லைன் மொத்தமும் மாஸ்க்குக்குள் குலுங்கியது. மேடம் சிரிக்கவில்லை. "ஏன் பயம்?" என்று மெதுவாகத்தான் கேட்டார். நான் மறுபடி செருப்பைப் பார்த்தேன். கொஞ்சம் காத்திருந்துவிட்டு, அந்த வரியைக் காலியாக விட்டு மார்க்கரை மூடினார். "போ, வேலையப் பாரு," என்றார்.

சாயங்காலம் ஜென்சியிடமிருந்து மெசேஜ். "மாறவேல் வாள கீழ போட்டுட்டான்னு சொல்றாங்க. நெஜமா?"

உண்மையான விபத்து இங்கேதான் நடந்தது. அன்று முழுவதும் ஒவ்வொருவனாக வந்து என் செருப்பைப் பார்த்துக் காதல் வசனம் பேசிவிட்டுப் போயிருந்தான். அந்த வெட்கத்தில், "சும்மா காமெடிக்குச் சொன்னது. மாறவேல்தான் ஜெயிப்பான்," என்று அனுப்பினேன்.

நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது. "சரி. உதிரன் வாள உருவுறதுக்கு முன்னாடி எதிர்ல யாருன்னு பாப்பான். உன் ஆளு அதுகூட பாக்கல."

அதன் பிறகு அவள் எழுதவில்லை. நான் எழுதி எழுதி அழித்தேன். ஒரகடம் சிக்னலில் இரண்டாவது யூனிட் பஸ் நிற்கும்போதெல்லாம் அதன் ஜன்னல்களைப் பார்ப்பேன்; பச்சை விழுந்துவிடும். கொஞ்ச காலத்தில் அவள் ஓசூர் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தொடர் இன்னும் வருகிறது. மாறவேலும் உதிரனும் இன்னும் சந்திக்கவில்லை. சந்திக்கிற அன்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

அறை நண்பன் புண்ணியத்தில் கதை ஊர்வரை போய்விட்டது. இப்போது வீட்டில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அத்தான் என் தோளில் கை போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வார்: "மாப்ள, பொண்ணு உள்ள இருக்கு. வெளிய கெடக்கது செருப்பு. மாத்திப் பேசிராத."

அக்கா சிரிப்பாள், அம்மா சிரிப்பாள், நானும் சிரிப்பேன். அவர்கள் உள்ளே நுழைந்த பிறகு, வாசலில் கிடக்கிற செருப்புகளில் எதிலாவது சின்னதாக ஒரு வாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் படியேறுகிறேன்.