வினாத்தாள் வேந்தரும் விடையறியாப் பகைவியும்

வாழிய எம் தலைவர்! எட்டாம் வகுப்பு அறிவியலின் ஏகச் சக்கரவர்த்தி, சாக்பீஸ் தூள் படிந்த தடந்தோளினர், சிவப்புப் பேனா ஏந்திய செங்கையர், வகுப்பறை வனத்தில் திரியும் இளஞ்சிங்கங்களை ஒற்றைச் செருமலால் அடக்கிய பெருந்தகை! அவர் புகழைப் பாடுவோம்; அவருடைய சட்டைப் பைகள் யாவும் மை ஒழுகிக் கறைபட்டவை என்பதைப் பாடாது விடுவோம்.

அத்தகைய தலைவருக்கும் ஓர் இழுக்கு நேர்ந்தது. பருவத் தேர்விலே, பாடத்தைக் கரைத்துக் குடித்த மாணவி ஒருத்தி தோற்றாள். புத்தக அட்டையைக்கூடப் புரட்டியறியாத கடைசி வரிசை மாவீரன் ஒருவன், மனம் போன போக்கில் குறியிட்டே வென்றான். தலைமையாசிரியை எம் தலைவரைத் தம் அறைக்கு அழைத்து முழங்கினார்:

"சார், இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கேள்வித்தாளைக் கடையிலயே வாங்கிடலாம். உங்களுக்கும் வேலை மிச்சம்."

கடையில் விற்கும் வினாத்தாள்! போருக்குப் புறப்பட்ட மன்னனிடம் வாளை வாடகைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னாற்போல் துடித்த தலைவர், வீட்டு வாசலில் ஒரு காலில் செருப்போடும் மறுகாலில் செருப்பின்றியும் நின்று வஞ்சினம் கூறினார்:

"இந்தத் தடவை தெரிஞ்ச பிள்ளைதான் ஜெயிக்கணும். தெரியாதவன் தோக்கணும். அதுக்கு எனக்கு ஒண்ணுமே தெரியாத ஆள் ஒருத்தர் வேணும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஆம், இக்காவியத்தின் பகைவி, பள்ளியைவிட்டு வந்த அன்றே அறிவியலைக் கைகழுவி, நூலகத்தில் கதைப் புத்தகங்களுக்கு நடுவே காலம் கழித்த அவருடைய மனைவியாகிய நானே.

போர்விதி எளியது. வினாவும் நான்கு விடைகளும் அவர் எழுதுவார். ஒன்றும் அறியாத நான் குறியிடுவேன். நான் சரியாகக் குறியிட்ட வினா அக்கணமே சிரச்சேதம் செய்யப்படும். அறியாமை வெல்லக்கூடிய வினா எதையும் அளப்பதில்லை என்பது அவருடைய அறநெறி.

ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசை போர்க்களமாயிற்று. கரும்புத் தோட்டத்தில் புகுந்த களிறுபோல நான் முதல் தாளைத் துவம்சம் செய்தேன். தலைவர் வெலவெலத்துப் போனார்.

"எப்படி?"

"சரியான விடைதாங்க எப்பவும் நீளமா இருக்கு. பொய்யை அரை வரியில சொல்லிடறீங்க, உண்மைக்கு மட்டும் ஒன்றரை வரி."

நேர்மையாளர் அல்லவா, உண்மையை அதன் நகைநட்டுகளோடு எழுதியே பழகிவிட்டார். எல்லா விடைகளையும் ஒரே நீளத்துக்குச் செதுக்கி இரண்டாம் தாளோடு வந்தார். அதுவும் வீழ்ந்தது.

"'எப்போதும்', 'மட்டுமே'ன்னு வர்ற விடையெல்லாம் தப்பு. அப்புறம், மூணாவது கேள்விக்கு விடை ஆறாவது கேள்விக்குள்ளயே உக்காந்திருக்கு."

உள்ளறையிலிருந்து மகளின் குரல் எழுந்தது: "அப்பா, அம்மா மறுபடியும் பாஸா?"

"பாஸ்தான்" என்றார், அரசிழந்த வேந்தரின் குரலில்.

மூன்றாம் தாளில் ஒரு வினாவில் நான் இடறினேன். புல்தரையில் உருளும் கோல்ஃப் பந்து ஏன் நிற்கிறது என்பது வினா. தலைவர் மேசையைத் தட்டி வெற்றி முரசம் கொட்டினார். பகைவியாயினும் அறம் பிறழாத நான் குறுக்கிட்டேன்.

"இது செல்லாதுங்க. அது எப்படிப்பட்ட பந்துன்னே தெரியாம முழிச்சேன். பாடம் தெரிஞ்ச பிள்ளையும் இப்படித்தான் முழிக்கும். நீங்க உராய்வைக் கேக்கறீங்களா, கோல்ஃபைக் கேக்கறீங்களா?"

முரசம் நின்றது. பந்து ரப்பர் பந்தாயிற்று. புல்தரை பள்ளி மைதானமாயிற்று.

மாலையில் இறுதித் தாள் வந்தது. அந்தோ, என் குறிகள் வாடைக்காற்றில் உதிரும் இலைகளாய்த் தவறித் தவறி விழுந்தன! தலைவரின் முகம் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு சுற்றுப் பூரித்தது. மனைவியின் தோல்வியை இத்தனை காதலோடு கண்டு மகிழ்ந்த கணவர் மூவுலகிலும் இலர். ஆனால் கடைசி வினாவில் என் குறி சரியாக விழுந்தது. குளிர்ந்த தண்ணீர் உள்ள டம்ளரின் வெளிப்புறம் ஏன் நனைகிறது?

அவர் விடைகளின் நீளத்தை விரலால் அளந்தார். சமம். 'மட்டுமே' இல்லை. வேறு வினாவில் ஒளிந்த குறிப்பும் இல்லை.

"இதை எப்படிக் கண்டுபிடிச்ச?"

"கண்டுபிடிக்கல. தெரியும்." மேசையில் வியர்த்துக்கொண்டிருந்த அவருடைய கண்ணாடி டம்ளரைக் காட்டினேன். "உள்ள இருக்கற தண்ணி வெளிய வரல. காத்துல இருக்கற ஆவி டம்ளர்ல பட்டுக் குளிர்ந்து தண்ணியாகுது. காலையில ஏன்னு கேட்டேன், நீங்கதானே சொன்னீங்க?"

தலைவரின் கண்கள் இடுங்கின. "சரி, ஏசி ரூம்லேருந்து வெளிய வந்தா என் மூக்குக்கண்ணாடி ஏன் மங்குது? இதை நான் சொல்லலியே."

"அதே கதைதானே? கண்ணாடி குளிர்ந்திருக்கு, வெளிக்காத்து ஈரம். உங்க மூக்குலயும் ஒரு டம்ளர்."

தலைவர் எழுந்தார், நாற்காலி பின்னால் சரிந்தது, சிவப்புப் பேனா விண்ணோக்கி உயர்ந்தது.

"இந்தக் கேள்வி இருக்கட்டும்! தெரியாததுல தோத்த, தெரிஞ்சதுல ஜெயிச்ச. தாள் வேலை செய்யுது!" அடுத்த கணமே பேனா தாழ்ந்தது. "ஆனா நீ கெட்டுப் போயிட்ட. அடுத்த பருவத்துக்கு நான் வேற முட்டாளைத் தேடணும்."

"முட்டாளா?"

"தங்கமான முட்டாள்" என்றார் அவசரமாக.

அந்தத் தாளில், முன்பு தோற்ற மாணவி வென்றாள். கடைசி வரிசை மாவீரன் முதன்முறையாகப் புத்தகத்தைத் திறந்தான். கடைத் தாள்களோ தலைமையாசிரியையின் அறை வாசலை மிதிக்கவும் அஞ்சி ஓடின. அடுத்தடுத்த பருவங்களில் முட்டாள் தேடும் படலம் பக்கத்து வீடுகள் வரை பரவிற்று; ஆயினும் ஒவ்வொரு புதுத் தாளும் முதலில் என் முன்னேதான் வந்து விழுந்தது, அவர் பணி ஓய்வு பெற்ற பருவம் வரை.

மேசையில் அந்த டம்ளர் வைத்த வட்டம் துடைத்தாலும் போகவில்லை.