அண்ணி காலி செய்த மூன்று நாடுகள்

நான் மூன்று நாடுகளைப் படைத்தவன்; மூன்றையும் ஐம்பது நிமிடங்களில் இழந்தவன். படையெடுத்து வந்தவர் என் அண்ணி. வந்தது துடியலூரிலிருந்து. கையில் இருந்தது ஒரு காய்கறிப் பை.

தமிழ் முதுகலை முடித்த கையோடு, கோவையில் கைப்பேசி விளையாட்டுகள் செய்யும் சிறு நிறுவனமொன்றில் பயிற்சி எழுத்தாளனாகச் சேர்ந்திருந்தேன். ஒரு மாய உலகத்தில் வெவ்வேறு இனத்தார் எவ்வாறு வாணிகம் செய்வர் என்று வகுத்துத் தருவது என் பணி. மூன்று மாதம் உழைத்தேன். கடல்நாட்டார் விலைப்பலகைக்கு மேல் ஒரு சொல் பேசார். மலைநாட்டார் விலை சொல்வதையே அநாகரிகமாகக் கருதுவர். 'பார்த்துப் போடுங்கள்' என்பதோடு சரி. மணல்நாட்டார் எதை விற்றாலும் ஒரு சிட்டிகை குங்குமப்பூவைக் கொசுறாகத் தருவர். கொசுறு தர மறுப்பது அவர்களுக்குக் குலஇழிவு. (இந்த வரியை எழுதிவிட்டு, எழுந்து நின்று எனக்கு நானே உரக்கப் படித்துக் காட்டினேன்.)

நிரல் எழுதிய நஸீர் உக்கடத்து மளிகைக்கடைக்காரரின் மகன். "கொசுறுக்கு ஒரு அளவு வெச்சரலாங்க. எங்க அத்தா கணக்கில்லாமக் குடுத்திருந்தா நான் காலேஜே போயிருக்க மாட்டேன்" என்றார்.

"வள்ளன்மைக்கு வரம்பிடுவது பண்பாட்டுப் பிழை" என்றேன். (அக்காலத்தில் நான் தேநீர்க் கடையிலும் இப்படித்தான் பேசுவேன்.)

என் வேலை நிலைக்க ஒரே தேர்வு: வெளியாள் ஒருவர் ஒரு மணி நேரம் விளையாட வேண்டும், அதுவரை சந்தை குலையாமல் நிற்க வேண்டும். ஆளை நானே அழைத்து வரலாம். கைப்பேசியில் பேசுவதன்றி வேறெதுவும் செய்தறியாத அண்ணியை அழைத்தேன். அதை மதிநுட்பம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

அண்ணி மணல்நாட்டில் ஒரு சிட்டிகை உப்பு வாங்கினார். குங்குமப்பூவும் வந்தது.

"ஏனுங்க தம்பி, இதைச் சும்மாவா தர்றாங்க?"

"கொசுறுங்க அண்ணி."

"ஒரு படி வாங்குனா?"

"அப்போதும் ஒரு சிட்டிகைதான்."

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு ஒரு படி உப்பைச் சிட்டிகை சிட்டிகையாக, இருநூறு முறை வாங்கினார். (என் உலகத்தில் படிக்கு இருநூறு சிட்டிகை.)

நான் தளரவில்லை. நிறுவனத் தலைவியிடம் இசைவு பெற்று, படிக்குக் குறைந்தால் கொசுறில்லை என்று விதியைத் திருத்தச் செய்தேன். அண்ணி ஒரு படி வாங்கி, கொசுறைப் பெற்றுக்கொண்டு, உப்பைத் திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் வாங்கினார். வாங்கியதைத் திருப்பலாகாது என்று அடுத்த விதியை நஸீர் தட்டி முடிப்பதற்குள் அண்ணி கடல்நாட்டில் இருந்தார். குங்குமப்பூவைக் கொடுத்து மீன், முத்து, கப்பல் அனைத்தையும் ஏற்றிக்கொண்டிருந்தார். இறுதியாக, மலைநாட்டுத் தேன் முழுவதையும் கேட்டார். 'பார்த்துப் போடுங்கள்' என்றனர் என் பண்பாளர்கள். ஒற்றைக் காசு விழுந்தது.

"அண்ணி! ஒரு காசா?"

"பாத்துத்தானுங்க போட்டேன்."

ஐம்பதாம் நிமிடத்தில் மூன்று நாட்டு வணிகரும் வெறுங்கடைகளில் கைகட்டி நின்றனர். "கீரை வாடிப்போயிருமுங்க" என்று அண்ணி பையை எடுத்தார்.

"துடியலூர்ச் சந்தையிலும் இப்படித்தான் வாங்குவீர்களா?" என்று கேட்டேன்.

"அங்க எப்படீங்க? வர்ற வாரம் அவிய மூஞ்சீல முழிக்கோணுமில்லீங்க! உங்க நாட்டுல வர்ற வாரமே இல்லீங்களே."

தலைவி என் பணி ஆணையை மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "உங்க அண்ணி வேலைக்கு வருவாங்களான்னு கேளுங்க" என்றார்.

ஒரு வார அவகாசம் கெஞ்சிப் பெற்றேன். நஸீரும் நானும், விளையாட்டுக்குள் சில நிமிடங்களுக்கொரு முறை புதுச் சரக்கோடு கூடும் வாரச் சந்தை ஒன்றை நிறுவி, வணிகர் ஒவ்வொருவருக்கும் நினைவாற்றல் கொடுத்தோம். அதே அண்ணியை மீண்டும் அழைத்தேன். (வேறு யாரையேனும் அழைக்கலாம் என்றார் நஸீர். மாட்டேன் என்றேன்.) முதற்சந்தையில் வழக்கம்போலச் சூறையாடினார். இரண்டாம் சந்தையில் அவர் தலை தெரிந்ததுமே மூன்று நாட்டாரும் கடையை அடைத்தனர். சந்தை பிழைத்தது, ஒரு மணி நேரம் கடந்தது, இழுப்பறை திறந்தது.

தம் தலை கண்டு கடையடைக்க வைத்த என்னை அண்ணி மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. எங்கள் வீட்டு விருந்து எதுவாயினும், என் இலையில் ஒரு சிட்டிகை உப்பை வைத்துவிட்டு, "கொசுறு எங்கீங்க தம்பி?" என்று கையை நீட்டுகிறார். பந்தி முழுதும் சிரித்து ஓயும்வரை அந்தக் கை இறங்குவதில்லை. ஆகவே குங்குமப்பூச் சிமிழொன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே உண்ண அமர்கிறேன். மறுக்க இயலாது, குலஇழிவு என்று எழுதியவன் நானல்லவா?